கடலை ஆற விடாதவர்

வாளிக்காரர் என்றதும் தண்ணீர் விற்கிற ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் வானிலை ஆபீஸ் ஆள். படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்று, கயிறு கட்டிய ரப்பர் வாளியைக் கடலுக்குள் இறக்கி, தண்ணீர் மொண்டு மேலே இழுத்து, வெயில் படாமல் உடம்பால் மறைத்துக்கொண்டு, அதில் தெர்மாமீட்டரை விட்டுக் கடல் இப்போது எவ்வளவு சூடு என்று பார்த்துச் சொல்ல வேண்டும். காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்பதும் உண்டு. ஆனால் ஜனங்கள் கண்ணில் பட்டது வாளிதான். பேரும் அதுவே ஆயிற்று.

“கடலுக்குக் காய்ச்சல் எப்படி மாமா இருக்கு? மாத்திரை ஏதும் குடுத்தீங்களா?” என்று தினம் கேட்பான் மைத்துனன். மனைவியின் தம்பி. அக்கரைக்கும் இக்கரைக்கும் ஆள் ஏற்றிப் போகிற லாஞ்ச்சை ஓட்டுகிறவன்.

“உன் வாய்க்குத்தான் மச்சான் மாத்திரை வேணும். போ, போய்ப் படகப் பாரு.”

வாய்தான் நீளமே தவிர, சுக்கானைப் பிடித்துவிட்டால் வேறு ஆள். தூங்குகிற பிள்ளையை எடுத்துப் போகிற மாதிரி படகைக் கொண்டுபோவான். சும்மா சொல்லக் கூடாது.

துறையின் ஓரத்தில் வாளிக்காரருக்கு ஒரு தகர அறை. ஒரு மேசை, ஒரு நாற்காலி, வயர்லெஸ் பெட்டி, கம்ப்யூட்டர். கூரைமேல் காற்றின் வேகம் அளக்கிற மூன்று கிண்ணக் கருவி ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். அது நின்றால் அவருக்குத் தூக்கம் கலைந்துவிடும். வேலை நேரத்தில் தூங்குவாரா என்றால், தூங்குவார். கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் கண் சொருகாது?

அந்தக் கம்ப்யூட்டரைத்தான் அவருக்குக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் நகரத்துப் பெரிய ஆபீஸில் அதன் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பவள் அவர் பெற்ற பெண். கரையெல்லாம், கடலெல்லாம் இருந்து வருகிற இந்த மாதிரி அளவுகளையும், கம்ப்யூட்டர் தானாகப் போடுகிற கணக்கையும் ஒன்றாகச் சேர்த்து நாளைக்கு வானம் எப்படி என்று கணிப்பது அவள் வேலை. அது என்னதான் வேலை என்று ஒருநாள் கேட்டுவிட்டார்.

“கம்ப்யூட்டர் கனவு காணுதுன்னு வெச்சுக்கங்கப்பா,” என்றாள். “வானம் இனிமே எப்படி இருக்கும்னு அதுவா ஒரு கனவு. நேத்துக் கனவோட மிச்சத்துல இருந்து இன்னிக்குக் கனவு. விட்டா அது பாட்டுக்குக் கண்டுக்கிட்டே போகும். அப்ப உங்கள மாதிரி ஆளுங்க, கப்பல்ல ஒருத்தர், மலைமேல ஒருத்தர், பலூன் விடுறவர் ஒருத்தர், எல்லாருமா அதக் கிள்றீங்க. ஏய், இங்க அப்படி இல்ல, இப்படின்னு. அது அரைக்கண்ணத் தொறந்து, கனவைக் கொஞ்சம் திருத்திக்கிட்டு மறுபடி தூங்கும்.”

“முழுசா எந்திரிக்காதா?”

“முழுசா எந்திரிச்சா நாளைக்கு என்னன்னு எப்படிச் சொல்லும்? நாளை இன்னும் வரலையேப்பா. அதக் கனவுலதான் பாக்க முடியும்.”

“தூங்குறவன நம்பியா படகு விடுறாங்க,” என்று முனகிக்கொண்டே போனை வைத்தார்.

ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் எங்கேயோ தங்கிவிட்டது. மத்தியானம் கண் சொருகும்போதெல்லாம், குளிர்ந்த ஓர் அறையில் மலை மாதிரி ஒரு மிருகம் சுருண்டு படுத்திருப்பது தெரியும். அது மூச்சு விடும்போது அதன் வயிற்றுக்குள் மேகங்கள் நகரும். ஒரு பக்கம் மழை பெய்யும், சத்தமில்லாமல். வாளிக்காரர் நிறைந்த வாளியோடு அதன் காதுப் பக்கம் போய் நிற்பார். ஊற்றலாமா, வேண்டாமா என்று தயங்குவார். தயங்கும்போதே விழிப்பு வந்துவிடும்.

அந்த மிருகத்துக்கு ஒரு குணம். தான் நினைத்ததிலிருந்து ரொம்ப விலகி யார் எதைச் சொன்னாலும் எடுத்துக்கொள்ளாது. சிவப்புக் கோடு போட்டுத் தள்ளிவிடும். அதையும் குறை சொல்ல முடியாது. கருவி பழுதானவன், தூக்கக் கலக்கத்தில் மாற்றி எழுதுகிறவன் என்று ஊரில் எல்லாரும் உண்டு. ஆனால் கோடு விழுந்தால் ஆபீஸிலிருந்து போன் வரும். மகள் வேலையில் இருக்கிற நாளில் அவளே கூப்பிடுவாள்.

“அப்பா, வாளிய வெயில்ல வெச்சுட்டீங்களா?”

“அப்பா, கண்ணாடி போட்டுத்தான் பாத்தீங்களா?”

பெற்ற பெண் வாயால் இதைக் கேட்பதைவிட அந்த வாளித் தண்ணீரைத் தன் தலையிலேயே கவிழ்த்துக்கொள்ளலாம். வாளிக்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். முதலில் திரையைப் பார்ப்பார், கடல் எவ்வளவு சூடு என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கிறது என்று. பிறகுதான் வாளியை இறக்குவார். இரண்டுக்கும் நடுவில், கொஞ்சம் திரைப் பக்கமாகவே சாய்த்து, ஓர் அளவை எழுதி அனுப்புவார். அதைப் பொய் என்று அவர் மனசு ஒத்துக்கொள்ளவில்லை. சந்தையில் நடக்காததா? அவன் ஒரு விலை சொல்வான், நாம் ஒரு விலை சொல்வோம், நடுவில் முடியும்.

போன் நின்றது. கொஞ்ச நாளில் மகளே சந்தோஷமாகக் கூப்பிட்டாள். “அப்பா, இந்தக் கரையிலயே இப்ப உங்க அளவுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. கணக்கோட அப்படி ஒத்துப்போகுது. ஒத்துப்போறவங்க பேச்ச அது இன்னும் நல்லாக் கேக்கும்.”

குடித்த டீ அவருக்கு மூக்கில் ஏறியது. “ஒத்துப்போனா மதிப்பா?”

“ஆமாப்பா.”

“உங்கம்மாகிட்ட நான் இத்தன வருஷமா அப்படித்தான் பொழைக்கிறேன்,” என்று சொல்லிச் சமாளித்தார்.

அவள் அம்மா அப்போது வீட்டில் இல்லை. கண்ணில் புரை விழுந்து, அக்கரை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, தங்கை வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு கண் எப்போதோ மங்கிப்போனது. இந்தக் கண்தான் மிச்சம். ஒரு வழியாக ஒருநாள், அன்றைக்கு மத்தியானம் கட்டைப் பிரித்துக்கொள்ளலாம், வீட்டுக்கும் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். காலையில் போனில் பேசினாள்.

“ஆஸ்பத்திரியில கட்டப் பிரிக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். அந்தச் செவத்தப் பாக்கவா கண்ணு வாங்கினேன்? தம்பி லாஞ்ச்லயே வர்றேன். நடுக்கடல்ல வெச்சுப் பிரிப்பேன். அப்புறம் துறையில உங்க மூஞ்சி. மறந்தே போச்சு.”

“மறந்தது நல்லதுக்குத்தான். பழைய மூஞ்சியேதான் நிக்கும், எதிர்பார்த்துட்டு வராத.”

சிரித்துக்கொண்டே வைத்தாள். அன்றைய அறிவிப்பு, கடல் அமைதி, பார்வை தெளிவு என்று திரையில் கிடந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டுமானால், கடல் கொஞ்ச நாளாகவே சரியில்லை. கரையிலிருந்து அடித்த காற்று மேல்தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டு போக, அடியில் கிடந்த குளிர்ந்த தண்ணீர் மேலே ஏறிக்கொண்டிருந்தது. வாளிக்கயிறே கையைக் கடித்தது. மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் பார்க்கலாம் என்றால் நடுவில் மேகம் போர்த்தியிருந்தது. கம்ப்யூட்டர் மட்டும் கடல் வெதுவெதுப்பாகவே இருக்கிறது என்று கனவு கண்டுகொண்டிருந்தது. வாளிக்காரர் தினம் பேரம் பேசினார். வாளிக்கும் திரைக்கும் இடைவெளி வளர வளர, அவர் சாய்க்கிற சாய்ப்பும் வளர்ந்தது. அன்றைக்குக் காலையிலும் அப்படித்தான் அனுப்பினார்.

மத்தியான அளவுக்கு வாளியை இறக்கியபோது காற்று திரும்பியிருந்தது. கடல் பக்கமிருந்து, யாரோ பக்கத்தில் நின்று மூச்சு விடுகிற மாதிரி, வெதுவெதுப்பான ஈரக்காற்று. வாளியில் கையை விட்டார். ஐஸ் தண்ணீர். ஈரக்காற்று குளிர்ந்த தண்ணீர்மேல் வந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளப் படிப்பு வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கத்தைப் பார்த்தால் போதும். அவர் தலை நிமிர்ந்து பார்த்தார். தூரத்தில் கடலும் வானமும் சேருகிற கோடு காணாமல் போயிருந்தது.

நடுவில் பெரிய கப்பல்கள் குறுக்கே போகிற பாதை; அதைத் தாண்டி, அக்கரைப் பக்கமாக ஒரு மணல்திட்டு. லாஞ்ச்சில் ராடார் கிடையாது. மைத்துனனுடைய கண்ணும் காதும்தான் ராடார்.

அக்கரைத் துறைக்குப் போன் போட்டார். லாஞ்ச் புறப்பட்டுவிட்டது என்றார்கள். வயர்லெஸ்ஸில் லாஞ்ச்சைக் கூப்பிட்டுப் பார்த்தார்; எட்டவில்லை.

அறைக்குள் வந்து, திரையைப் பார்க்காமலே, தெர்மாமீட்டர் காட்டியதை அப்படியே அடித்து அனுப்பினார். சிவப்புக் கோடு விழுந்தது. போன் அடித்தது.

“அப்பா, தெர்மாமீட்டர் ஒடஞ்சிருச்சா?”

“ஒடையல. எடுத்துக்க.”

“எப்படிப்பா எடுத்துக்கறது? காலையில வரைக்கும் ஒத்துப்போச்சு. அரை நாள்ல கடல் இவ்வளவு ஆறுமா?”

“அரை நாள்ல ஆறலம்மா. ரொம்ப நாளா ஆறிக்கிட்டுத்தான் இருக்கு. நான்தான் ஆற விடல.”

நாற்காலியைத் திரைக்கு முதுகாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். கூரைமேல் கிண்ணம் சுற்றிக்கொண்டிருந்தது.

“மொதல்ல திரையப் பாப்பேன். அப்புறம் எழுதுவேன்,” என்றார். “நீ கண்ணாடி போட்டியான்னு கேக்குற. எனக்கு ரோஷம்.”

“அப்பா,” என்றாள். கோபமா அழுகையா என்று தெரியாத குரல். “அது சொன்னதையே நீங்க அதுகிட்டத் திருப்பிச் சொல்லியிருக்கீங்க. அதுவும் ஆஹான்னு நம்பியிருக்கு.”

“திட்டுறத அப்புறம் திட்டு. உங்கம்மா படகுல இருக்கா.”

அதற்கப்புறம் அவள் ஒரு வார்த்தை வீணாக்கவில்லை. இத்தனை நாளும் வாளியில் நிஜமாக என்ன இருந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவருக்கு எல்லாம் நினைவிருந்தது. பேரத்தில் நாம் விட்டுக்கொடுத்தது மறக்குமா? “பக்கத்துக் கடலுக்கு மட்டும் மறுபடி ஓட்டிப் பாக்கறேன். வயர்லெஸ் பக்கத்துலயே இருங்க,” என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் பனி வந்துவிட்டது. வந்தது என்று சொல்ல முடியாது. கடல் மெதுவாகத் தன்னை அழித்துக்கொண்டது. முதலில் தூரத்துப் பாய்மரங்கள் போயின. பிறகு விளக்குக் கம்பம் இடுப்பு வரை போய், தலை மட்டும் சற்று நேரம் மிதந்து, அதுவும் போயிற்று. துறையின் பலகைகள் ஒவ்வொன்றாகப் பாலில் இறங்கின. கத்திக்கொண்டிருந்த பறவைகள் யாரோ சொன்ன மாதிரி ஒன்றாக நிறுத்தின. வாளிக்காரர் கையை நீட்டிப் பார்த்தார். விரல் நுனி தெரியவில்லை. தான் இப்போது அந்த மிருகத்தின் வயிற்றுக்குள்தான் நிற்கிறோமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. மேகமெல்லாம் நகருகிற இடத்தில்.

வயர்லெஸ் கரகரத்தது. “மாமா, யாரு கடலத் தொடச்சு எடுத்துட்டாங்க? எனக்குப் படகோட மூக்கே தெரியல.”

“எங்கடா இருக்க?”

“மணல்திட்டுப் பக்கத்துலன்னு நெனைக்கிறேன். கப்பல் பாதையத் தாண்டல. திருப்பிக்கிட்டு அக்கரைக்கே போகப் போறேன்.”

“இரு. அக்கா எங்க?”

“பின்னாடி உக்காந்து என்னத் திட்டிக்கிட்டு இருக்கு. இப்பத்தான் கட்டப் பிரிச்சுச்சு. பாத்தா ஒரே வெள்ள. ஆபரேஷன் பண்ணவன் என் கண்ணக் கெடுத்துட்டான்னு ஒரே சத்தம். எனக்கும் அதேதான் தெரியுதுக்கான்னா, உன் கண்ணையும் கெடுத்துட்டானாடாங்குது.”

வேறு நாளாக இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்.

போன் அடித்தது. மகள் வேகமாகப் பேசினாள். “அப்பா, உங்க வாளி அளவ வெச்சு ஓட்டினதும் எல்லாம் மாறிடுச்சு. ஊருக்கெல்லாம் எச்சரிக்கை போட்டாச்சு. மாமாவத் திரும்பிப் போக வேணாம்னு சொல்லுங்க. அக்கரை இதவிட மோசமா மூடப்போகுது. கப்பல் வராத எடமாப் பாத்து நிக்கட்டும். பொழுது சாயறதுக்கு முன்ன கரைக்காத்து ஒண்ணு எழும்பும். உங்க துறையில இருந்து மணல்திட்டு வரைக்கும் ஒரு சந்து மாதிரி தொறக்கும். கொஞ்ச நேரந்தான். அப்புறம் விடியற வரைக்கும் தொறக்காது.”

“இத யாரு சொல்றா? நீயா, அதுவா?”

“அதுவும் உங்க வாளியும் சேர்ந்து சொல்லுது. தனித்தனியா ரெண்டுக்கும் தெரியாது.”

“நிச்சயமா?”

“நிச்சயம்லாம் கெடையாதுப்பா. அளவக் கொஞ்சம் கொஞ்சம் மாத்தி மாத்திப் பல தடவ ஓட்டினேன். பெரும்பாலும் தொறக்குது. சிலதுல தொறக்கல.”

“அந்தப் பெரும்பாலும்ல உங்கம்மா உக்காந்திருக்காடி.”

“எனக்கு மட்டும் தெரியாதாப்பா?” என்றாள்.

வாளிக்காரர் வயர்லெஸ்ஸைக் கையில் எடுத்தார். அவருக்கு எதையும் யாரையும் நம்பி வழக்கமில்லை. கடைக்காரனின் தராசையும் நம்பியதில்லை, பஸ்ஸில் எழுதியிருக்கிற ஊர்ப் பேரையும் நம்பியதில்லை, கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். இப்போது எங்கேயோ தூங்குகிற ஒன்று கண்ட கனவை நம்பச் சொல்கிறார்கள். அந்தக் கனவில் தன் வாளித் தண்ணீரும் கலந்திருக்கிறது என்பது ஒன்றுதான் பிடி.

“மச்சான், திரும்பாத. மணல்திட்டு ஓரமா, ஆழமில்லாத எடத்துல நங்கூரம் போடு. கப்பல் அங்க வராது. பொழுது சாயறதுக்கு முன்ன பனி வழி விடும். விட்டதும் நிக்காம வந்துரு.”

“வழி விடும்னு யாரு சொன்னா? உங்க பொண்ணோட பெட்டியா? காலையில தெளிவுன்னு சொன்னதும் அதே பெட்டிதான மாமா?”

“காலையில அதுக்கு நான் பொய் சொல்லியிருந்தேன். இப்ப நெசத்தச் சொல்லியிருக்கேன்.”

மைத்துனன் விளையாட்டை விட்ட குரலில் கேட்டான். “மாமா, பெட்டி கெடக்கட்டும். நீங்க நம்புறீங்களா?”

“நம்புறேன்,” என்றார். சொன்ன பிறகுதான் நம்ப ஆரம்பித்தார்.

நங்கூரச் சங்கிலி இறங்குகிற சத்தம் வயர்லெஸ்ஸில் கேட்டது.

அப்புறம் காத்திருப்பது ஒன்றுதான். ஒரு கப்பல் எங்கேயோ சங்கு ஊதியது. அந்தச் சத்தம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் எல்லாப் பக்கமிருந்தும் வந்து, அவர் நெஞ்சுக்குள் புகுந்து வெளியே போயிற்று. மறுபடி ஊதியது. திட்டு ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது என்று மைத்துனன் சொன்னான். அலை மட்டும் வந்து படகை ஆட்டியதாம். வாளிக்காரர் துறையின் கடைசிப் பலகைக்குப் போய் நின்றார். கையில் வாளி எப்படி வந்தது என்று தெரியவில்லை. பழக்கம். வெள்ளைக்குள் நின்றால் கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்றே புரியவில்லை. மனைவியும் இதே வெள்ளையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தார். ஒரே போர்வைக்குள் படுத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் திரும்பிய மாதிரி.

கூரைமேல் கிண்ணம் நின்றது.

பொழுது சாய்கிற நேரம் வந்து, வெள்ளையில் மஞ்சள் கலந்தது. ஒன்றும் நடக்கவில்லை. சிலதில் திறக்கவில்லை என்றாளே, அது இதுதானோ? அந்த நினைப்பு முடிவதற்குள் பிடரியில் சில்லென்று ஏதோ தொட்டது. பின்னாலிருந்து, கரைப் பக்கமிருந்து. கிண்ணம் ஒருமுறை முனகி, வேறு திசைக் காற்றில் சுற்ற ஆரம்பித்தது.

பனி தன்னைச் சுருட்டிக்கொண்டு பின்வாங்கியது. முதலில் பலகைகள், அப்புறம் கம்பம், அப்புறம் ஒரு கீற்றுத் தண்ணீர், தங்கம் காய்ச்சி ஊற்றிய மாதிரி. இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர், நடுவில் ஒரு சந்து. சந்தின் கோடியில் தீப்பெட்டி அளவுக்கு லாஞ்ச்.

“வாடா!” என்று வயர்லெஸ் இல்லாமலே கத்தினார்.

லாஞ்ச் துறையைத் தொட்டபோது பின்னால் சந்து மூடிக்கொண்டிருந்தது. மைத்துனன் கயிற்றை வீசிவிட்டு, ஒன்றும் பேசாமல் அவரைப் பார்த்தான். அவன் பேசாமல் இருந்தது அன்றைக்குத்தான். மனைவி தம்பியின் தோளைப் பிடித்து இறங்கினாள். கறுப்புக் கண்ணாடியைத் தூக்கி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

“வாளி நீலமா?” என்றாள். “நான் இத்தன நாளும் பச்சைன்னுல்ல நெனச்சேன்.”

“என்னப் பாக்கலயா?”

“பாத்துட்டேன். நீங்க சொன்னது சரிதான். பழசுதான்.” பிறகு அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏன் கை இப்படி ஐஸா இருக்கு?”

“தண்ணி ரொம்பச் சில்லுனு இருக்கு,” என்றார்.

மகள் மறுநாள் பேசினாள். நடந்ததை மேலே சொல்லிவிட்டதாகவும், அவர் அளவுக்கு இருந்த மதிப்பையெல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டதாகவும், இனி அது புதுசாகத்தான் நம்பிப் பழக வேண்டும் என்றும் சொன்னாள். எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டார். தெரியாது என்றாள். தனக்கும் சேர்த்துச் சொன்ன மாதிரி இருந்தது.

அதிலிருந்து, வாளியை இறக்குவதற்கு முன்னால் திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுகிறார். அப்படியும் தன்னை நம்புவதில்லை. மனைவி டீ எடுத்து வருகிற நேரத்தில் அவளையே தெர்மாமீட்டரைப் படிக்கச் சொல்கிறார். அவளுக்குப் புதுக் கண். கோட்டுக்குக் கோடு படிக்கிறாள்.

ஒருநாள் சிவப்புக் கோடு விழுந்தது. போன் வந்தது.

“அப்பா, கொஞ்சம் விலகுதே.”

“விலகட்டும். உங்கம்மா படிச்சது.”

“அம்மாவா?” என்று யோசித்தாள். “சரி, அப்ப எடுத்துக்கறேன்.”

அன்றைக்கு மத்தியானம் அவருக்குக் கண் சொருகியது. குளிர்ந்த அறை. மிருகம் படுத்திருந்தது, மேகங்கள் நகர்ந்தன. வாளியோடு காதுப் பக்கம் போய் நின்றார். தயங்கினார்.

“பாத்துக்கிட்டே நின்னா?” என்றாள் பக்கத்தில் நின்ற மனைவி. “ஊத்துங்க.”

ஊற்றினார்.